வீட்டு ஆட்களே முதல் வாடிக்கையாளர்கள்

புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் செய்யும் முதல் காரியம், கேமரா விலை விசாரிப்பது. அடுத்தது, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மாமல்லபுரத்துக்குக் கிளம்புவது. சிவந்த வானத்தோடு கடற்கரைக் கோயிலை எடுத்து வந்தால் படம் நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் நின்று எடுத்தவர்களின் படங்களும் அப்படியேதான் இருக்கும். அந்தப் படத்தைக் காட்டி ஒரு காதுகுத்து ஆர்டர்கூட வாங்க முடியாது. கூப்பிடுகிறவர் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு. வெளிச்சம் போதாத அறையில், ஓரிடத்தில் நிற்காத மனிதர்களை, அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் இவர் எடுப்பாரா? அதைக் கற்றுத்தர உங்கள் வீட்டைவிட நல்ல இடம் இல்லை.

வீட்டில் எல்லாமே திரும்ப வரும். அதே முகங்கள், அதே சன்னல், அதே ஏழரை மணி. நேற்று கலங்கிப்போன படத்தை இன்று வேறு அளவு வைத்து எடுத்துப் பார்க்கலாம், நாளைக்கு இன்னொரு அளவு. மண்டபத்தில் தாலி கட்டுவது ஒரே ஒரு முறைதான். வீட்டில் தோசை தினமும் உண்டு. தொழிலில் இருப்பவர்கள் பலரும் முதல் சில கல்யாணங்களில் அடுத்தவர் செலவில் கற்றுக்கொண்ட பாடங்களை, நீங்கள் செலவே இல்லாமல் அடுப்படியிலும் திண்ணையிலும் கற்றுவிடலாம்.

இந்த வழியில் வந்தவர்கள் பலர். கல்கத்தாவில் 1815-இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு அவருடைய மகளும் மருமகனும் கேமரா பரிசளித்தபோது அவருக்கு வயது 48. ஆண்டு 1863. இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த வீட்டின் கோழிக்கூண்டைக் காலிசெய்து அதையே ஸ்டூடியோ ஆக்கினார். வீட்டு வேலைக்கு இருந்த மேரி ஹில்லியர், தங்கை மகள் ஜூலியா ஜாக்சன், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என்று கண்ணில் பட்டவர்களை எல்லாம் உட்காரவைத்தார். அக்கம்பக்கத்தில் கவிஞர் டென்னிசனும் இருந்தது அவருடைய யோகம். 1875-இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்கும் தோட்டத் தொழிலாளர்களைப் படமெடுத்து, 1879-இல் அங்கேயே இறந்தார். உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இன்று இருக்கும் அவருடைய படங்களில் நிறைய, வீட்டு ஆட்களின் முகங்கள்.

நம் நாட்டிலேயே பார்க்கலாம். நோனி சிங் தொழில்முறைப் புகைப்படக்காரர் இல்லை. நான்கு பெண்களை வளர்த்துக்கொண்டே அவர்களைப் படம் எடுத்தவர். அந்தப் படங்கள் 2013-இல் புத்தகமாக வந்தன. மூத்த மகள் தயாநிதா சிங் 2022-இல் ஹாசல்பிளாட் விருது பெற்றார். அதே ஆண்டில் தயாநிதா சிங் பெயரில், கிராமப்புற இந்தியாவை ஆவணப்படுத்தும் ‘பாரி’ (PARI) இணையதளம் நிறுவிய ஆவணப் புகைப்பட விருது, மதுரைக்காரரான எம். பழனி குமாருக்குக் கிடைத்தது. அவருடைய அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அம்மாவையும் அம்மாவின் உழைப்பையும் அவர் எடுத்த படங்கள் பாரியில் வெளிவந்திருக்கின்றன. தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையை உலகத்துக்குக் காட்டிய அவருடைய படங்களில் ஒரு நெருக்கம் இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

சரி, கேமரா? இருக்கிற போன் போதும். மூன்று மாதம் அதிலேயே எடுத்துவிட்டு, ‘இந்தப் படத்தை இதில் எடுக்க முடியவில்லை’ என்று குறிப்பாக ஒன்றைச் சொல்ல முடிந்தால் அப்போது கடைக்குப் போங்கள்.

அடுப்படியில் தொடங்குங்கள்

காலை நேரம், தோசைக்கல் காய்ந்துவிட்டது. முதல் வேலை, டியூப் லைட்டை அணைப்பது. “இருட்டுல நான் எப்படிச் சுடுறது?” என்று அம்மா கேட்பார். அஞ்சு நிமிஷம் என்று கெஞ்சிக்கொள்ளுங்கள். சன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம் என்று வரும். ஒரே வெளிச்சம் இருந்தால்தான் அது எங்கிருந்து வருகிறது, எங்கே விழுகிறது என்று கண்ணுக்குப் பிடிபடும்.

சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்துப் பாருங்கள், முகம் தட்டையாக இருக்கும். சன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் வரும்படி நகருங்கள். கன்னத்தில் ஒரு பாதி வெளிச்சம், ஒரு பாதி நிழல் விழுந்து முகம் உருண்டு திரண்டு வரும். இன்னும் இரண்டடி நகர்ந்து, சன்னல் கல்லுக்குப் பின்னால் இருக்கும்படி, ஆனால் படத்துக்குள் வந்துவிடாதபடி நில்லுங்கள். இதுவரை படத்தில் விழாத ஆவி இப்போது எழும்புவது தெரியும். பின்னாலிருந்து வெளிச்சம் பட்டு, அதற்கும் பின்னால் இருட்டான சுவரோ அலமாரியோ இருந்தால்தான் ஆவி படத்தில் நிற்கும். நாளைக்கு மண்டபத்தில் ஹோமப் புகையை எடுக்கப்போவதும் இதே கணக்கில்தான்.

இப்போது எடுக்காமல் பாருங்கள். மாவை ஊற்றிக் கரண்டியால் வட்டம் இழுக்கும்போது கை வேகமாக ஓடுகிறது. எண்ணெய் விட்டதும் சின்ன ஓய்வு. அம்மா அந்த இடைவெளியில் சட்னிப் பாத்திரத்தைப் பார்க்கிறார், யாரையோ எழுப்பச் சொல்கிறார். தோசையின் ஓரம் சிவந்து எழும்பியதும் திருப்பியை உள்ளே விட்டு நெம்புகிறார். அந்தக் கணத்தில் அவருடைய முழுக் கவனமும் கல்லின் மேல் இருக்கிறது. உதடு லேசாக இறுகுகிறது, கண் தாழ்கிறது. இது ஒவ்வொரு தோசைக்கும் நடக்கும். இரண்டு மூன்று தோசை இப்படிப் பார்த்துவிட்டீர்களானால், அடுத்ததில் அந்தக் கணம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே உங்கள் விரல் தயாராகிவிடும். ‘கெட்டிமேளம்’ என்று குரல் வருவதற்கு முன்பே சரியான இடத்தில் நிற்கும் புகைப்படக்காரருக்கு இருப்பது இதே பழக்கம்தான். வேகமாக நூறு படம் சுட்டுத் தள்ளுகிற பர்ஸ்ட் வசதியால் அது வராது.

அளவுகளையும் இங்கேயே பழகுங்கள். போனில் புரோ மோடு இருந்தால் அதைத் திறந்து ஷட்டரை 1/125 விநாடியில் வைத்தால் நெம்பும் கை ஓரளவு நிற்கும். 1/30-இல் வைத்துப் போனை எதன்மேலாவது ஊன்றிப் பிடித்தால் முகம் தெளிவாகவும் கை மட்டும் இழுபட்டும் வரும். இரண்டுமே நல்ல படமாகலாம். எது வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டு எடுப்பதுதான் விஷயம். கூடத்தில் ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைக்கு 1/500 வேண்டும். அதற்கு வெளிச்சம் போதாவிட்டால் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாக வந்த படத்தைப் பார்க்க முடியும், கலங்கிப்போன முகத்தை எந்த ஆப்பும் திருப்பித் தராது. நைட் மோடு ஆட்கள் அசையும் இடத்துக்கு ஆகாது. அது பல ஃபிரேம்களை எடுத்து ஒன்றாக்குவதால் அசையும் கை கரைந்துவிடும்.

போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணத்தது. கிட்டே போய் முகத்தை எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் போய்விடும். ‘நான் இப்படியா இருக்கேன்?’ என்று அத்தை கோபித்துக்கொள்வதற்குக் காரணம் வயசு இல்லை, தூரம். இரண்டு மூன்று அடி பின்னால் வந்து 2 எக்ஸ் வைத்து எடுங்கள். போர்ட்ரெய்ட் மோடில் பின்னணியை மங்கலாக்குவது லென்ஸ் அல்ல, மென்பொருள். ஜிமிக்கியின் ஓரத்தையும் தலையில் வைத்த பூவையும் அது அடிக்கடி தின்றுவிடும். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பிறகு கேமரா வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை குறைவு என்று எல்லோரும் சிபாரிசு செய்யும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் நல்லதுதான். ஆனால் சின்ன சென்சார் உள்ள ஆரம்பநிலைக் கேமராவில் அதை மாட்டி நம் வீட்டு அடுப்படியில் நின்றால், முதுகு சுவரில் முட்டினாலும் ஆள் முழுசாக ஃபிரேமுக்குள் வரமாட்டார். அங்கே 35 மி.மீ. உதவும். குடும்பமாக நான்கைந்து பேரை எடுக்கும்போது லென்ஸ் திறப்பை எஃப் 1.8-இல் வைத்தால் முன்வரிசை தெளிவாகவும் பின்வரிசை மங்கலாகவும் வரும். எஃப் 5.6-க்குப் போங்கள்.

டியூப் லைட்டும் வெள்ளை வேட்டியும்

ராத்திரியில் விளக்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும். படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றனவா? போன் பழுதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பழைய டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்பும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் அந்த ஏற்ற இறக்கம் முழுசாகப் பதிந்து பட்டை மறைந்துவிடும். மண்டபத்து மேடை விளக்குகளிலும் இதே தொல்லை வரும். அன்றைக்குப் போய்க் கண்டுபிடிப்பதைவிட, வீட்டுக் கூடத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

தாத்தா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறார். எடுத்துப் பார்த்தால் வேட்டி சாம்பலாகவும் முகம் கறுத்தும் வந்திருக்கிறது. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். இவ்வளவு வெள்ளையைக் கண்டதும் வெளிச்சம் அதிகம் என்று தப்பாகக் கணித்துக் குறைத்துவிடும். முகத்தின் மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். அதோடு அழகூட்டும் ஃபில்டர் போனில் தானாகவே இயங்குகிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். அந்த ஃபில்டர் மாநிறத்தை வெளுக்க வைக்கும், பாட்டியின் சுருக்கத்தை மெழுகிவிடும். ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் நிறம் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி கார்டு’களில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களின் படம்தான் இருந்தது. நம் நிறத்தைச் சரியாகப் பதிய வைக்கும் வேலை அன்றைக்கும் நம்முடையதாகத்தான் இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான்.

வெயிலைப் பொறுத்தவரை ஒன்று போதும். சித்திரையிலும் ஆவணித் தொடக்கத்திலும் சென்னையில் மதியச் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி நிழல் இறங்கும். பதினோரு மணிக்குமேல் மொட்டை மாடிக்கு யாரையும் ஏற்றாதீர்கள். திண்ணை, போர்டிகோ, வாசல் நிலைப்படி, வேப்பமர நிழல் எல்லாம் இருக்கின்றன. நிலைப்படிக்கு உள்ளே ஒரு அடி தள்ளி, முகம் வெளியே பார்க்கும்படி நிறுத்தினால் எந்த ஸ்டூடியோ விளக்கும் தேவையில்லை.

“இந்தத் தலையோடயா?”

அளவுகளைக் கற்பது ஒரு மாத வேலை. மனிதர்களைக் கற்பது அதைவிட நீளும். பாட்டி வாழைநாரில் மல்லிகை கட்டிக்கொண்டிருக்கிறார், நீங்கள் போனைத் தூக்குகிறீர்கள். “ஏய், இந்தத் தலையோடயா? இரு, புடவை மாத்திட்டு வரேன்” என்று எழுந்துவிட்டால் படம் போச்சு. மாற்றிக்கொண்டு வந்து நேராக நின்று, கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக் கேமராவைப் பார்ப்பார்.

அந்தப் படத்தையும் எடுங்கள். அவருக்குப் பிடித்தது அதுதான், அவர் கேட்டதைக் கொடுப்பதும் தொழில்தான். கேண்டிட் படம் மட்டுமே கலை, வரிசையில் நின்று எடுப்பது மட்டம் என்று பேசும் இளைஞர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. இருபது வருஷம் கழித்து எல்லோரும் தேடி எடுப்பது மேடையில் வரிசையாக நின்ற அந்தப் படத்தைத்தான், ஏனென்றால் அதில்தான் எல்லா முகமும் இருக்கும்.

புடவைப் படம் முடிந்ததும் பாட்டி பூவுக்குத் திரும்புவார். இப்போது பக்கத்தில் தரையில் உட்காருங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் உச்சி வகிடுதான் வரும். கையைப் பாருங்கள். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் காம்புகள் சேரும்படி வைத்து, நாரைச் சுற்றி, கண்ணி போட்டு இழுக்கிறார். இழுத்து இறுக்கும்போது விரல்கள் ஒரு நொடி நிற்கும், நார் விறைக்கும். அதுதான் உங்கள் இடம். விரலில் ஃபோகஸ், முகம் பின்னால் மங்கலாக ஒரு படம். முகத்தில் ஃபோகஸ், கை கீழே பாதியாக இன்னொரு படம். தட்டு, பூக்குவியல், சுவர் காலண்டர் எல்லாம் சேர அகலமாக மூன்றாவது. ஒரே வேலையை அருகில், நடுவில், தூரத்தில் என்று மூன்றாக எடுப்பது ஆல்பம் போடுகிறவர்கள் ஒவ்வொரு சடங்குக்கும் கேட்கும் கணக்கு.

பிள்ளைகளிடம் ‘இங்க பாரு, சிரி’ என்று சொல்லி எதுவும் நடக்காது. போனைக் கண்டாலே இரண்டு விரலை நீட்டும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. செய்வதற்கு ஏதாவது கொடுங்கள். பட்டாணி உரிக்கட்டும், செருப்பு வாரைத் தானே மாட்டிக்கொள்ளட்டும். நீங்கள் அவர்களுடைய கண் மட்டத்துக்குத் தாழ்ந்து உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் உங்களை மறந்துவிடுவார்கள்.

வேண்டாம் என்று சொல்பவரை எடுக்காதீர்கள், சித்தப்பாவாக இருந்தாலும் சரி, நாலு வயசுக் குழந்தையாக இருந்தாலும் சரி. குழந்தை குளிக்கும் படம், உடுப்பில்லாத படம் எதையும் இணையத்தில் போட வேண்டாம், உறவினர் குரூப்பில்கூட. போன் படத்துக்குள் எடுத்த இடம் பதிவாகும். கேமரா அமைப்புகளில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். இதெல்லாம் நாகரிகம் மட்டுமில்லை. நாளைக்கு அந்நிய வீட்டுப் படுக்கையறைக்குள் மணப்பெண் அலங்காரத்தை எடுக்க உங்களை விடப்போகிறார்கள். அந்த நம்பிக்கைக்குத்தான் பாதி சம்பளம்.

எடுத்ததைக் கழிக்கத் தெரிய வேண்டும்

பிறந்தநாள் முடிந்த ராத்திரியே அத்தனை படங்களையும் குடும்ப வாட்ஸ்அப்பில் கொட்டுகிறவர் புகைப்படக்காரராக ஆவது கஷ்டம். ஒரு நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு படம் என்று வரம்பு வையுங்கள். கேக் வெட்டும் படம் ஒன்று போதும்; எல்லா வீட்டிலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும். பலூன் ஊதி ஊதிக் களைத்துச் சோபாவில் சாய்ந்த அப்பா, கேக்குக்கு விரல் நீட்டிய பக்கத்து வீட்டுக் குழந்தை, எல்லோரும் போனபின் பாத்திரம் கழுவும் அம்மா, இந்த மாதிரிப் படங்கள் அந்தப் பன்னிரண்டுக்குள் வர வேண்டும். நல்ல முறையில் அனுப்ப, வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், தரம் குறையாது. இரண்டு இடத்திலாவது சேமியுங்கள். மாதம் ஒருமுறை சிலவற்றைப் பிரின்ட் போடுங்கள். போன் திரையில் பளபளத்தது காகிதத்தில் இருட்டாக வந்தால்தான் வெளிச்சத்தைப் பற்றி உண்மை தெரியும்.

கூடவே நீண்ட நாள் வேலை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் நிக்கோலஸ் நிக்சன் 1975 முதல் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் ஆண்டுக்கு ஒரு படமாக, எப்போதும் அதே வரிசையில் நிற்கவைத்து, நாற்பது ஆண்டுகளுக்குமேல் எடுத்தார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது. பொங்கலன்று அதே வாசலில் அதே ஆட்களை எடுக்க நமக்கு யாரும் கட்டணம் கேட்கப் போவதில்லை.

சம்பளம் வரும் பாதை

அலுவலக வேலையை விட்டுவிட்டுக் குதிக்கச் சொல்லமாட்டேன். சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு, காதுகுத்து, மொட்டை இவைதான் முதல் படி. ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு புகைப்படக்காரர் இருப்பார். அவருடைய கோணத்தை மறைக்காமல், அவர் கவனிக்காத மூலைகளை எடுங்கள்: குழந்தையை மடியில் உட்காரவைத்திருக்கும் தாய்மாமனின் முகம், ஆசாரி ஊசியை எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்ட அம்மா. முடிந்ததும் அந்தப் புகைப்படக்காரரிடமே உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள். முகூர்த்த மாதங்களில் லைட் பிடிக்கவும், இரண்டாவது கேமரா பிடிக்கவும் ஆள் கிடைக்காமல் அவர்கள் அலைகிறார்கள். லைட் பிடிப்பதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். விளக்கு எங்கே வைத்தால் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் கூலி வாங்கிக்கொண்டே கற்கும் இடம் அது.

பெண்களுக்கு இதில் தனியாக ஒரு வாய்ப்பு இருக்கிறது. பச்சிளம் குழந்தை, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு போன்ற வீட்டுக்குள் நடக்கும் நிகழ்ச்சிகளுக்குப் பெண் புகைப்படக்காரர் வந்தால் வீட்டார் இலகுவாகிறார்கள். பிறந்த குழந்தையைக் கூடைக்குள் சுருட்டி வைத்து எடுக்கும் பாணியைவிட, பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதை எடுப்பதே எனக்கு நல்ல வேலையாகப் படுகிறது. கேட்டால் வாடிக்கையாளரும் சம்மதிப்பார். நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று அறியப்படும் ஹோமாய் வியாரவாலா 1913-இல் பிறந்தவர். வருங்காலக் கணவரிடம் கேமரா பழகி, ஆரம்பத்தில் படங்கள் அவருடைய பெயரில் வெளியாகி, பிறகு தன் பெயரில் நின்று, 2011-இல் பத்ம விபூஷண் பெற்றார். உங்கள் படத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும்.

முறையாகப் படிக்க விரும்பினால் ஊட்டியில் 2001-இல் தொடங்கிய லைட் அண்ட் லைஃப் அகாடமி இருக்கிறது. வீடியோ பக்கம் போகிறவர்களுக்குத் தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலான அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம். எங்கே போனாலும் கேட்பது முன்பு எடுத்த படங்களைத்தான். இருபது படம் போதும். பத்துக்குமேல் உங்கள் வீட்டுப் படங்களாகவே இருக்கலாம், தப்பில்லை.

கடைசியாக, காசு வாங்க ஆரம்பித்ததும் தெரிந்திருக்க வேண்டிய சட்டம். நீங்கள் பாட்டியை எடுத்த படத்தின் பதிப்புரிமை உங்களுடையது. ஆனால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். எடுத்தது நீங்களாக இருந்தாலும் அவரைக் கேட்காமல் உங்கள் இன்ஸ்டாகிராமில் போட முடியாது. ஒரு ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு இருந்து எடுத்தாலும் பொதுவாக உரிமை உங்களுக்கு வராது. அதனால் ‘தேர்ந்தெடுத்த படங்களை என் வேலைக்கு மாதிரியாகக் காட்டிக்கொள்ள அனுமதிக்கிறோம், குழந்தைகள் படம் தனியாகக் கேட்டபிறகே’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணம் வாங்கும் ரசீதிலேயே அதை அச்சடித்து வைப்பது நல்லது. விசேஷம் முடிந்தபிறகு இதற்கென்று கூப்பிட்டால் யாரும் போனை எடுப்பதில்லை.